ஷூபர்ட்டின் 'முடிவுறாத' சிம்பொனியைப் பத்துக் காற்றுக் கருவிகளுக்கு மாற்றி எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் குழுவில் பத்துப் பேர். ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸ்ஸூன், ஒவ்வொன்றிலும் இரண்டு. ஷூபர்ட்டின் 'முடிவுறாத' சிம்பொனியின் முதல் பகுதியை எங்களுக்காக மாற்றி எழுத ஆசை. முதல் வயலினை ஃப்ளூட்டுக்கு, இரண்டாம் வயலினை ஓபோவுக்கு, வியோலாவைக் கிளாரினெட்டுக்கு, செல்லோவையும் டபுள் பாஸையும் பஸ்ஸூனுக்கு என்று பங்கிட்டால் வேலை முடிந்துவிடுமா? ஸ்கேலை மாற்ற வேண்டுமா? டபுள் பாஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: முடியாது. அந்தப் பங்கீட்டில் நோட்டுகள் எல்லாம் வந்துவிடும், சிம்பொனி வராது. காரணம் ஸ்கோரின் (எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றாக இருக்கும் இசைத்தாளின்) முதல் பக்கத்திலேயே இருக்கிறது. 1822-ல் ஷூபர்ட் இதற்குக் கேட்ட படை: ஃப்ளூட் 2, ஓபோ 2, கிளாரினெட் 2, பஸ்ஸூன் 2, ஹார்ன் 2, ட்ரம்பெட் 2, ட்ராம்போன் 3, டிம்பனி, அப்புறம் தந்திகள். உங்கள் பத்துப் பேரும் ஏற்கெனவே அதற்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் சொந்த வேலை உண்டு. ஃப்ளூட்டை வயலின் வேலைக்கு அனுப்பிவிட்டால், ஃப்ளூட்டின் வேலையை யார் பார்ப்பது?

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. ஆர்கெஸ்ட்ராவில் தந்திகள்தான் தரை. ஓபோ நுழையும்போது காது சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறது என்றால், அதுவரை ஓபோ சும்மா இருந்தது என்பதால்தான் திரும்புகிறது. முதல் பாரிலிருந்தே (தாளக் கட்டத்திலிருந்தே) ஓபோ இரண்டாம் வயலினின் பங்கை வாசித்துக்கொண்டிருந்தால், அதன் சொந்த மெலடி வரும்போது யாருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியாது. தந்திகளின் நிறத்தை உங்களால் காப்பாற்ற முடியாது, அதை இப்போதே விட்டுவிடுங்கள். நிறம் எங்கே மாறுகிறதோ அந்த இடங்களைக் காப்பாற்ற முடியும். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இது புதுக் கவலையும் இல்லை. 1782 ஜூலை 20 அன்று மொஸார்ட் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் இதே புலம்பல் இருக்கிறது. நான்கு நாள் முன்புதான் அவருடைய புது ஓபரா வியன்னாவில் அரங்கேறியிருந்தது. அதைக் காற்றுக் கருவிகளுக்கு மாற்றி எழுத அவருக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, முந்தாவிட்டால் வேறு யாராவது எழுதிக் காசு பார்த்துவிடுவார்கள். கருவிகளுக்கும் இயல்பாகப் பொருந்த வேண்டும், விளைவும் கொஞ்சம்கூடக் குறையக் கூடாது, அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது என்கிற பொருளில் எழுதுகிறார். அவர் காப்பாற்ற நினைத்தது விளைவை என்பதைக் கவனியுங்கள். அதே ஆண்டுதான் பேரரசர் இரண்டாம் ஜோசப் வியன்னாவில் ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸ்ஸூன் ஜோடிகளாக எட்டுப் பேர் கொண்ட அரண்மனைக் குழுவை அமைத்தார். அதற்குப் பிறகு அந்த ஊரில் வெற்றி பெற்ற ஓபரா எதுவும் எண்மர் குழுவுக்கு மாற்றப்படாமல் தப்பியது அரிது.

பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி உங்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம். 1816-ல் வியன்னாவின் ஸ்டைனர் பதிப்பகம் அதன் ஸ்கோரோடு சேர்த்தே, அந்த எட்டுக் கருவிகளோடு ஒரு கான்ட்ரா பஸ்ஸூனும் (பஸ்ஸூனைவிட ஒரு ஆக்டேவ் கீழே ஒலிப்பது) சேர்ந்த ஒன்பது பேருக்கான வடிவத்தையும் வெளியிட்டது. மூலத்தின் ஏ மேஜரை ஒரு முழு ஸ்வரம் இறக்கி ஜி மேஜரில் வைத்தார்கள். அதன் இரண்டாம் பகுதி எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். காற்றுக் கருவிகள் மட்டும் ஒரு ஏ மைனர் கார்டைப் பிடித்துத் தேய விடும். அது மறையும்போது வியோலா, செல்லோ, டபுள் பாஸ் மூன்றும் அடிக்குரலில் அந்தப் புகழ்பெற்ற தாளத்தைத் தொடங்கும். ஒன்பது பேரும் காற்றுக் கருவிக்காரர்களாகவே இருக்கும்போது இந்த வேறுபாட்டை எங்கிருந்து கொண்டுவருவது? என்னைக் கேட்டால், கார்டுக்கு எல்லாரையும் விடுவேன், ஓபோ நன்றாக மேலே தெரியும்படி. தாளம் தொடங்கும்போது ஓபோவையும் ஹார்னையும் முழுக்க நிறுத்திவிட்டு, கிளாரினெட்டின் அடி ஸ்தாயியையும் பஸ்ஸூன்களையும் மட்டும் வைப்பேன். ஓபோ சீவாளியின் கூர்மை போய், மரத்தின் இருட்டு மட்டும் மிஞ்சும். தந்தி வராது. ஆனால் ஏதோ மாறியது என்று காது உணரும், அது போதும்.

சரி, ஷூபர்ட்டுக்கு வருவோம்.

எழுத ஆரம்பிக்கும் முன் முழு ஸ்கோரையும் நான்கு வரிகளாகச் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள்: மெலடி, எதிர்மெலடி, நடு ஹார்மனியும் அதன் தாளமும், பேஸ் (ஆக அடி வரி). யார் வாசிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றின் மேலும் சின்னதாகக் குறியுங்கள். இரட்டிப்புகள் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே உதிர்ந்துவிடும். நாற்பது ஐம்பது பேர் வாசிக்கும் பாரில்கூடப் பெரும்பாலும் மூன்று நான்கு தனி எண்ணங்கள்தான் இருக்கின்றன என்பது தெரியும்போது பாதிப் பயம் போய்விடும். கடையில் கிடைக்கும் பியானோ சுருக்கத்திலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அதில் ஏற்கெனவே ஒருவர் பத்து விரல்களுக்காக முடிவுகள் எடுத்திருப்பார், உங்களிடம் பத்து மூச்சுகள் இருக்கின்றன. எதை விடுவது என்பதைப் படிக்க நல்ல ஆசான் வேண்டுமென்றால், பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளுக்கும் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட் எழுதிய பியானோ வடிவங்களை மூல ஸ்கோரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் விட்டவற்றின் பட்டியல், வைத்தவற்றைவிட அதிகம் சொல்லும்.

இனி தொடக்கம். செல்லோவும் டபுள் பாஸும் ஆக்டேவ் இடைவெளியில், பியானிசிமோவில் (மிக மெல்ல), பி என்ற நோட்டிலிருந்து புறப்படுகின்றன. செல்லோவின் வரி பஸ்ஸூனுக்கு வசதியான இடம், அங்கே மென்மையாக வாசிக்க முடியும். டபுள் பாஸின் வரிதான் தொல்லை. அது தொடங்கும் பி, பஸ்ஸூனின் ஆகக் கடைசி நோட்டான பி ஃபிளாட்டுக்கு ஒரே ஒரு அரை ஸ்வரம் மேலே இருக்கிறது. அங்கிருந்து கீழே இறங்க இடமே இல்லை. தவிர, பஸ்ஸூனின் அடி நோட்டுகளைப் பியானிசிமோவில் கிளப்புவது நல்ல வாசிப்பாளருக்கே சவால். இரண்டு பஸ்ஸூனையும் ஆக்டேவில் வைத்தால் இரண்டாமவர் பயத்தில் சத்தமாகத்தான் தொடங்குவார், கச்சேரியின் முதல் நொடியே கெட்டுவிடும். ஆகவே டபுள் பாஸ் இல்லையென்றால் கீழ் ஆக்டேவை இங்கே விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பஸ்ஸூன், செல்லோவின் ஸ்தாயியில், தனியாக. அந்தத் தனிமை இந்த இசைக்குப் பொருந்தவும் செய்யும்.

டபுள் பாஸ் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். காற்றுக் கருவிக் குழுவின் தூய்மை கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், மொஸார்ட்டின் கே. 361 என்ற எண் கொண்ட சேரனேடில் பன்னிரண்டு காற்றுக் கருவிகளோடு ஒரு டபுள் பாஸ் நிற்கிறது என்று சொல்லுங்கள். 1878-ல் த்வொர்ஷாக் எழுதிய சேரனேடில் செல்லோவும் டபுள் பாஸும் இருக்கின்றன. நீங்கள் இதில் மூன்று லாபம் பார்க்கலாம். ஆர்கனின் 16 அடிக் குழாய் போல ஒரு ஆக்டேவ் கீழ் ஆழம் கிடைக்கும். பிட்ஸிகாட்டோ, அதாவது தந்தியை விரலால் சுண்டுவது, நிஜமாகவே கிடைக்கும். பஸ்ஸூன்கள் இரண்டும் தரையைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டு, செல்லோவாகவும் நடுக்குரலாகவும் திரியலாம். மூன்றாவதுதான் உண்மையில் பெரிய லாபம்.

தொடக்கத்துக்குப் பிறகு வயலின்கள் முணுமுணுக்கும் செமிகுவேவர்களை (பீட்டுக்கு நான்காக ஓடும் வேக நோட்டுகளை) தொடங்கும், கீழே பிட்ஸிகாட்டோ துடிக்கும், அதன் மேல் ஓபோவும் கிளாரினெட்டும் ஒரே குரலாகச் சேர்ந்து முதல் மெலடியைப் பாடும். இந்த ஓபோ, கிளாரினெட் ஜோடியைத் தொடவே தொடாதீர்கள். ஷூபர்ட் யோசித்துக் கலந்த நிறம் அது. ஆக, முதல் ஓபோவும் முதல் கிளாரினெட்டும் அதற்கு முன் ஒரு நோட்டுகூட வாசிக்கக் கூடாது. செமிகுவேவர்களை இரண்டாம் கிளாரினெட்டும் இரண்டாம் ஃப்ளூட்டும் மாறி மாறி எடுக்கட்டும். ஃப்ளூட்டின் அடி ஸ்தாயி மெலிந்தது, மற்ற இடங்களில் அது குறை, இங்கே வரம்.

மாறி மாறி என்றால் வெட்டி வெட்டி அல்ல. வயலின் வில்லுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை, பக்கம் பக்கமாக ஓடும். அதைக் காற்றுக் கருவியில் கொண்டுவர ஒரே வழி தையல் தெரியாமல் கைமாற்றுவது. முதலாமவர் தன் பங்கை அடுத்த பீட்டின் முதல் நோட்டோடு முடிக்க வேண்டும், இரண்டாமவர் அதே நோட்டில் தொடங்க வேண்டும். ஒரு நோட்டு இருவருக்கும் பொது. அந்த நோட்டுக்கு முன்னால் முடித்துவிட்டால் ஓட்டை கேட்கும். பாருக்கு ஒரு முறை மாற்றுவதைவிட இரண்டு பாருக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது, கேட்பவர் காதில் கட்டம் விழாது. வயலின் மூன்று ஆக்டேவ் ஏறி ஓடும் இடங்களிலும் இதே உத்தி உதவும்: பஸ்ஸூன் தொடங்கிக் கிளாரினெட்டிடம் கொடுக்க, அது ஃப்ளூட்டிடம் கொடுக்கும்.

பிட்ஸிகாட்டோவை டபுள் பாஸ் இல்லாமல் செய்வதென்றால் பஸ்ஸூனின் ஸ்டக்காட்டோ (நோட்டைக் குட்டையாக வெட்டி வாசிப்பது) தான் வழி. ஆனால் வெறும் ஸ்டக்காட்டோ உலர்ந்துபோய் இருக்கும். சுண்டிய தந்தி உடனே நிற்பதில்லை, தேய்ந்து மறைகிறது. அதனால் நோட்டைக் கொஞ்சம் நீளமாக எழுதி, தலையில் சின்ன ஆக்ஸென்ட்டும் உடனே ஒரு டிமினுவெண்டோவும் (தேயும் குறியும்) போடுங்கள். பஸ்ஸூன்காரர் புரிந்துகொள்வார்.

ஸ்கேல் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். மூலம் பி மைனர். ஷூபர்ட் ஏ கிளாரினெட்டுக்கு எழுதினார். அது எழுதியதைவிட மைனர் தேர்டு கீழே ஒலிப்பதால், வாசிப்பவர் கண்ணுக்கு டி மைனர், ஒரே ஒரு ஃபிளாட். உங்கள் கிளாரினெட்காரர்களிடம் ஏ கருவி இருந்தால் ஸ்கேலைத் தொடாதீர்கள். பி ஃபிளாட் கருவி மட்டும்தான் என்றால் அவர்கள் சி ஷார்ப் மைனரில் நான்கு ஷார்ப்போடு போராட வேண்டும், முடியாதது இல்லை, ஆனால் செமிகுவேவர்கள் இருக்கின்றன. அப்போது அரை ஸ்வரம் ஏற்றி சி மைனரில் வையுங்கள். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு அதே டி மைனர் வந்துவிடும், பஸ்ஸூனின் அடி நோட்டுக்கும் அரை ஸ்வரம் மூச்சுவிட இடம் கிடைக்கும். இறக்கி பி ஃபிளாட் மைனர் ஆக்கினால் ஃப்ளூட்டுக்கும் ஓபோவுக்கும் ஐந்து ஃபிளாட், பஸ்ஸூனுக்கு இன்னும் ஆழம், யாருக்கும் நன்மை இல்லை. பெரிய பேண்டுகளுக்கு எழுதுபவர்கள் வழக்கமாக இறக்குவார்கள். ஷோஸ்டகோவிச்சின் 'விழாக்கால ஓவர்ச்சர்' ஏ மேஜரில் எழுதப்பட்டது, டொனால்ட் ஹன்ஸ்பெர்கரின் பேண்டு வடிவத்தில் ஏ ஃபிளாட்டுக்கு இறங்கியது. அங்கே பி ஃபிளாட், ஈ ஃபிளாட் கருவிகள் கூட்டமாக இருப்பதால் அது நியாயம். உங்கள் பத்துப் பேரில் கிளாரினெட் ஜோடி மட்டும்தான் அந்த ரகம்.

இரண்டாம் மெலடிதான் இந்தப் பகுதியின் இதயம். எல்லாருக்கும் தெரிந்த அந்த ஜி மேஜர் பாட்டு. அதற்கு முன் ஹார்ன்களும் பஸ்ஸூன்களும் ஒரு டி-யை நீளமாகப் பிடித்து, மெல்ல ஜி மேஜருக்குத் திருப்பிவிடும். பிறகு கிளாரினெட்டுகளும் வியோலாக்களும் பீட்டுக்கு இடையில் விழும் துடிப்பில் கார்டுகளைத் தர, செல்லோக்கள் பாடும். உங்கள் அதிர்ஷ்டம், துணை வாசிப்பில் பாதி ஏற்கெனவே கிளாரினெட்டுகளிடம் இருக்கிறது. அப்படியே விடுங்கள். வியோலாவின் பங்கை ஹார்ன்கள் மிக மெல்லியதாக எடுக்கலாம்.

மெலடியை யார் பாடுவது? மூன்று பேர் போட்டிக்கு வருவார்கள். ஹார்னிடம் கொடுத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது வேட்டைக்கும் காட்டுக்கும் போய்விடும், இந்தப் பாட்டு வீட்டுக்குள் பாடுவது. கிளாரினெட்டின் அடி ஸ்தாயி நல்ல இருட்டு, ஆனால் மெலடி இறங்கும் டி, ஏ கிளாரினெட்டின் கடைசி நோட்டுக்கு அரை ஸ்வரம் மேலே, பி ஃபிளாட் கிளாரினெட்டில் அதுவே கடைசி நோட்டு. அங்கே போய் இழைக்க முடியாது. தவிர, துணை வாசிப்பும் கிளாரினெட் என்றால் பாட்டும் துணையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான் முதல் பஸ்ஸூனுக்குக் கொடுப்பேன். இந்த உயரத்தில் பஸ்ஸூன் ஆண் குரல் போலப் பாடும். அதற்கு ஒரு முன்னேற்பாடு வேண்டும்: முன்னால் வரும் நீண்ட டி-யை இரண்டு ஹார்ன்களுக்கும் இரண்டாம் பஸ்ஸூனுக்கும் மட்டும் எழுதி, முதல் பஸ்ஸூனை நான்கு பாருக்காவது சும்மா இருக்க விடுங்கள். அவர் மூச்சு வாங்க மட்டுமல்ல, அந்த நிறம் புதிதாக நுழைய வேண்டும்.

பிறகு வயலின்கள் அதே பாட்டை ஆக்டேவில் எடுக்கும். முதல் ஃப்ளூட்டையும் முதல் கிளாரினெட்டையும் ஆக்டேவ் இடைவெளியில் வைத்துப் பாருங்கள். துடிப்பு வேலையை அப்போது இரண்டாம் கிளாரினெட்டும் ஹார்ன்களும் ஏற்க வேண்டும். ஒரு விஷயம், இரண்டு ஃப்ளூட்டையும் ஒரே நோட்டில் போட்டு 'வயலின் கூட்டம்' வரவழைக்கப் பார்க்காதீர்கள். பதினான்கு வயலின் சேர்ந்தால் சின்னச் சின்ன சுருதி வேறுபாடுகள் கலந்து ஒரு பளபளப்பு ஆகும். இரண்டு ஃப்ளூட் சேர்ந்தால் அதே வேறுபாடு நேராகக் காதில் அடிக்கும். ஒரே ரகத்தில் ஒன்று நன்று, மூன்று பரவாயில்லை, இரண்டுதான் மோசம். வெவ்வேறு ரகத்தைச் சேர்ப்பதே பாதுகாப்பு, ஷூபர்ட்டே அதைத்தானே செய்தார்.

பாட்டு பாதியில் அறுந்து, ஒரு பார் முழு மௌனம். உடனே சி மைனரில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ட்ராம்போன்களோடு இடிக்கும். பத்துப் பேரால் அந்த இடியைச் சத்தத்தில் எட்ட முடியாது. ஆனால் அடியின் பலம் அதற்கு முன் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதிலும் இருக்கிறது. அதனால் பாட்டு முழுவதையும் சத்தத்தில் ஒரு படி கீழே இறக்கி எழுதுங்கள், கடைசி நான்கு பாரில் துணையையும் மெலியுங்கள். பிறகு அந்தக் கார்டை இப்படி அடுக்கலாம், கீழிருந்து மேலாக: இரண்டாம் பஸ்ஸூன் அடி சி, முதல் பஸ்ஸூன் ஒரு ஆக்டேவ் மேலே சி, இரண்டாம் ஹார்ன் ஜி, முதல் ஹார்ன் நடு சி, இரண்டாம் கிளாரினெட் ஈ ஃபிளாட், இரண்டாம் ஓபோ ஜி, முதல் கிளாரினெட் சி, முதல் ஓபோ ஈ ஃபிளாட், இரண்டாம் ஃப்ளூட் ஜி, முதல் ஃப்ளூட் உச்ச சி.

இந்த அடுக்கில் இரண்டாம் ஓபோவை இரண்டு கிளாரினெட்டுகளுக்கும் நடுவே செருகியிருப்பதைக் கவனியுங்கள். கிளாரினெட்டுகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஓபோக்கள் அவற்றுக்கு மேலே என்று பாக்கெட் பாக்கெட்டாக வைத்தால் கார்டு துண்டு துண்டாகக் கேட்கும். கோத்து வைத்தால் ஒரே சுவர். இன்னொரு காரணமும் உண்டு. நடுவில் இருக்கும் அந்த ஜி-யை ஏ கிளாரினெட்டுக்குக் கொடுத்தால், அது அதன் தொண்டைப் பகுதியில் போய் விழும், கிளாரினெட்டில் ஆக மெலிந்த இடம் அதுதான். ஓபோவுக்கு அந்த நோட்டு சுலபம். கீழே அகலமாக, மேலே நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதும் மாறாத விதி. பஸ்ஸூன்களை அடியில் தேர்டு இடைவெளியில் வைத்தால் சேறுதான் மிஞ்சும். குரல்களைக் குறைக்க வேண்டிய இடங்களில் முதலில் இரட்டிப்பான ரூட்டை (கார்டின் அடிப்படை நோட்டை) விடுங்கள், அடுத்து ஃபிஃப்த்தை. ரூட்டிலிருந்து எண்ணும் தேர்டும் செவன்த்தும் கடைசி வரை இருக்க வேண்டும்.

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் விழும் குழி ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பேஸ் வரியைப் பஸ்ஸூன் எட்டாத இடத்தில் ஒரு ஆக்டேவ் ஏற்றுவீர்கள். அது தப்பில்லை. ஆனால் ஏற்றியபின் இரண்டாம் ஹார்ன் அதற்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்க்க மறந்துவிடுவீர்கள். ஹார்ன் ஜி-யைப் பிடித்திருக்க, பஸ்ஸூன் சி அதற்கு மேலே போய்விட்டால், ரூட் பொசிஷனில் (ரூட் அடியில்) நிற்க வேண்டிய கார்டு இரண்டாம் இன்வெர்ஷன் (ஃபிஃப்த் அடியில்) ஆகிவிடும். ஸ்கோரில் ஹார்ன் எஃப்-ல் எழுதப்பட்டு ஃபிஃப்த் கீழே ஒலிப்பதால் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு ஆக்டேவ் மாற்றத்துக்குப் பிறகும் ஒலிக்கும் சுருதியில் ஒரு முறை சரிபாருங்கள்.

வளர்ச்சிப் பகுதியில் தந்திகளின் ட்ரெமோலோ (வில்லை வேகமாக அசைத்து ஒரே நோட்டை நடுங்க விடுவது) பெரிய தலைவலி. நேராக நாக்கால் தட்டி வாசிக்கச் சொன்னால் ஃப்ளூட் இரட்டை நாக்கில் சமாளிக்கும். ஓபோவும் கிளாரினெட்டும் ஒன்றிரண்டு பார் தாங்கும், பக்கம் முழுக்கத் தாங்காது. கேட்கவும் அது நடுக்கமாக இருக்காது, தட்டச்சு போலத்தான் இருக்கும். ட்ரெமோலோவின் பயன் என்ன என்று இடத்துக்கு இடம் கேளுங்கள். வெறும் திரைதான் என்றால் நீண்ட கார்டாகவே பிடித்துவிடலாம், க்ரெஷெண்டோ (சத்தம் மெல்ல ஏறுவது) மட்டும் போதும். பதற்றம் வேண்டும் என்றால் கார்டின் இரண்டு நோட்டுகளுக்கு இடையே கிளாரினெட்டைக் கட்டி ஊசலாட விடுங்கள், இரண்டாமவர் அதையே தலைகீழாக வாசித்தால் எந்த நொடியிலும் இரண்டு நோட்டும் ஒலித்துக்கொண்டே இருக்கும். தாளம் துல்லியமாகக் கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் நாக்கு. டிம்பனி உருட்டலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பஸ்ஸூனின் அடி ட்ரில் டிம்பனி போல இருக்கும் என்று சிலர் சொல்வார்கள், இருக்காது.

ஸ்லர்களை (நோட்டுகளைச் சேர்த்துக் காட்டும் வளைகோடுகளை) அப்படியே நகலெடுப்பதும் வேண்டாம். தந்திக்காரர் ஸ்லரை வில் திருப்பும் இடமாகப் படிக்கிறார், வில் திரும்பினாலும் ஒலி அறுவதில்லை. காற்றுக் கருவிக்காரர் அதே கோட்டைப் பார்த்தால் ஒவ்வொரு பாரின் தலையிலும் நாக்கு வைப்பார், பாட்டு நறுக்கப்பட்டதுபோல் ஆகிவிடும். பாடிக்கொண்டே பாருங்கள், மூச்சு எங்கே இயல்பாக விழுகிறதோ அதுவரை ஸ்லரை நீட்டுங்கள், மூச்சுக் குறியையும் நீங்களே போடுங்கள்.

உதடுகளை மறந்துவிடாதீர்கள். மூலத்தில் முதல் ஓபோவுக்கு எத்தனை பார் ஓய்வு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் உங்கள் வடிவத்தில் என்ன கொடுமை செய்திருக்கிறீர்கள் என்று தெரியும். ஓபோகாரருக்கு மூச்சுப் போதாமல் போவதில்லை. சீவாளியின் சிறிய துவாரத்தில் காற்று வெளியேறாமல் உள்ளேயே தேங்குகிறது, அதை வெளியே விடவும் நேரம் வேண்டும். ஹார்ன்காரரின் உதடு களைத்தால் கடைசிப் பக்கத்தில் நோட்டு வழுக்கும். எழுதி முடித்ததும் ஒரு தாளில் பத்துக் கோடு போட்டு யார் எங்கே வாசிக்கிறார் என்று நிழலிட்டுப் பாருங்கள். எந்தக் கோடாவது இடைவெளி இல்லாமல் கறுத்திருந்தால் அங்கே கிழித்துவிடுங்கள். முதல் பாதியைத் திரும்ப வாசிக்கும் ரிப்பீட்டுக்கு என் யோசனை, அதை நீட்டி எழுதி, இரண்டாம் முறை முதல், இரண்டாம் வாசிப்பாளர்களின் வேலையை மாற்றிவிடுவது. இல்லாவிட்டால் ரிப்பீட்டையே விட்டுவிடுங்கள்.

டைனமிக்ஸை, அதாவது சத்த அளவுக் குறிகளை, மூலத்திலிருந்து அப்படியே எடுக்க முடியாது. 'மெல்ல' என்பதைக் குறிக்கும் ஒரே பியானோ குறி, ஃப்ளூட்டின் அடி ஸ்தாயியில் காணாமல் போவதையும், ஓபோவின் அடி நோட்டுகளில் முரட்டுச் சத்தத்தையும் குறிக்கும். கருவிக்குக் கருவி வேறு குறி போடத் தயங்க வேண்டாம். மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ், டோரிக்கோ எதில் எழுதினாலும் அதன் பிளேபேக்கை பேலன்ஸ் விஷயத்தில் நம்பாதீர்கள். கணினியின் ஃப்ளூட் நடு சி-யிலும் ஓபோவோடு சரிக்குச் சரி நிற்கும், மூச்சும் வாங்காது. தப்பு நோட்டு பிடிக்க மட்டும் அது உதவும்.

உரிமைப் பிரச்சினை உங்களுக்கு இல்லை. ஷூபர்ட் இறந்தது 1828-ல். ப்ரைட்காப்ஃப் பதிப்பகம் 19-ம் நூற்றாண்டில் வெளியிட்ட ஸ்கோர் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, புதிய ஆய்வுப் பதிப்புகளைவிட அதிலிருந்து எழுதுவது நிம்மதி. ஷோஸ்டகோவிச் போல 1975-ல் இறந்தவர் என்றால் எழுதத் தொடங்கும் முன்பே பதிப்பாளரின் அனுமதி வேண்டும்.

பார்ட்டுகளில் (ஒவ்வொருவருக்குமான தனித் தாள்களில்) மூல ஸ்கோரின் பார் எண்களை அப்படியே வையுங்கள், ஒத்திகையில் சந்தேகம் வந்தால் மூலத்தைப் பார்க்க வசதி. ரிப்பீட்டை நீட்டி எழுதினால் அதற்கு மட்டும் எண்ணோடு ஒரு 'அ' சேர்த்துக்கொள்ளலாம். நீண்ட ஓய்வுக்குப் பின் நுழைபவருக்கு முன்னால் யார் வாசிக்கிறார் என்று சின்ன நோட்டில் காட்டுங்கள். இரண்டாம் மெலடிக்குப் பஸ்ஸூன் ஒன்று, ஹார்ன் ஒன்று என்று இரண்டு மாற்று வடிவம் எழுதி எடுத்துப் போங்கள், கேட்டபின் முடிவு செய்யலாம். உங்கள் பஸ்ஸூன்காரரைவிட ஹார்ன்காரர் நல்ல பாடகராக இருந்தால் நான் மேலே சொன்ன வேட்டை, காடு எல்லாம் ஒதுக்கிவிட்டு அவருக்கே கொடுங்கள்.

இரண்டாம் பகுதியையும் பிறகு எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அது ஈ மேஜர். ஏ கிளாரினெட்டுக்கு ஜி மேஜர், சுகம். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். அதில் கிளாரினெட்டுக்கு நீண்ட தனி மெலடியும் இருக்கிறது, அடுத்து ஓபோ அதை வாங்கும், கீழே தந்திகள் மட்டும் துடிக்கும். ஆகவே அந்தத் துடிப்பைப் பஸ்ஸூன்களுக்கும் ஹார்ன்களுக்கும் ஒதுக்கி, கிளாரினெட்டையும் ஓபோவையும் அதற்குப் பத்துப் பதினைந்து பார் முன்பே ஓய்வுக்கு அனுப்பிவிடுங்கள். முதல் பகுதியை எந்த ஸ்கேலில் வைப்பது என்று முடிவு செய்யும்போதே இதையும் சேர்த்து யோசியுங்கள். முதலாவதை சி மைனருக்கு ஏற்றினால் இரண்டாவதும் எஃப் மேஜருக்கு ஏற வேண்டும், அது பத்துப் பேருக்குமே வசதியான ஸ்கேல்தான்.